மிசா கைதி வீட்டு டிரங்குப் பெட்டி: எதை வைப்பது, எங்கே தேடுவது

வியாசர்பாடியில் படிப்பகம் நடத்தும் நண்பர்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது: பின்னி மில்லில் வேலை பார்த்து, 1976-இல் மிசாவில் (விசாரணையில்லாமல் காவலில் வைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம்) உள்ளே போன ஒருவரின் குடும்பம் இரண்டு டிரங்குப் பெட்டிகளைக் கொடுத்திருக்கிறது. சிறையிலிருந்து வந்த கடிதங்கள், நிதி வசூல் ரசீதுப் புத்தகங்கள், நோட்டீஸ்கள், மணியார்டர் துண்டுகள், சில போட்டோக்கள். கூடவே, அவருடைய அப்பா 1938 இந்தி எதிர்ப்பில் சிறை சென்றதாகச் சொல்லும் ஒரு சான்றிதழ். கடிதங்களை லேமினேட் செய்து கண்காட்சி வைத்துவிட்டு மற்றதை எடைக்குப் போடலாமா? அரசு ஆவணங்களில் இவர்களைப் பற்றி எங்கே தேடுவது?

லேமினேஷனும் வேண்டாம், எடைக்கடையும் வேண்டாம். லேமினேட் செய்யும் சூட்டில் பிளாஸ்டிக் பசை காகிதத்தின் இழைக்குள் இறங்கிவிடும். பிறகு பிரிக்கவே முடியாது. காகிதத்தில் இருக்கும் அமிலமும் உள்ளேயே அடைபட்டு, பத்திருபது வருடத்தில் கடிதம் தேநீர் நிறத்துக்குப் போய்விடும்.

எடைக்குப் போக இருந்த பாதிதான் என் கணக்கில் பெட்டியின் உயிர். சிறை போனவரைப் பற்றி அரசாங்கம் நிறையவே எழுதி வைத்திருக்கும்: கைது நாள், தடுப்புக்காவல் ஆணை, எந்தச் சிறை, எப்போது விடுதலை. ஆனால் வெளியே நின்று வழக்குக்குக் காசு திரட்டியவர், மாதாமாதம் மனு போட்டுப் பார்க்கப் போனவர், பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்தைக் கட்டியவர், இவர்கள் பெயர் எந்த அரசாணையிலும் வராது. வந்தால் உளவுத்துறைக் குறிப்பில் வரும், அதுவும் பாதி தப்பாக. அவர்கள் இருந்ததற்கு மிச்சமுள்ள சாட்சி அந்த ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைதான். "நெசவுப் பகுதி, இரவு ஷிப்ட், 14 பேர், ரூ. 7" என்று ஓர் அடிக்கட்டையில் இருந்தால், தலைக்கு 50 காசு, ஷிப்ட் வாரியாக வசூல், வசூலித்தவரின் கையெழுத்து என்று மூன்று செய்தி கிடைத்துவிடுகிறது. ரசீது எண்கள் நடுவில் தாண்டியிருந்தால் வேறொருவரிடம் இன்னொரு புத்தகம் இருந்திருக்கிறது என்று பொருள். அது யாரிடம் என்று அந்தத் தெருவிலேயே விசாரிக்கலாம்.

பெட்டியைத் திறந்ததும் பிரித்து அடுக்கத்தான் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். முதலில் பெட்டியை மேலிருந்து போட்டோ எடுங்கள், பிறகு ஒவ்வொரு காகிதக் கட்டையும் இருந்த வரிசையிலேயே எடுங்கள். ஒரு கடிதத்தோடு ஒரு மணியார்டர் துண்டு சேர்த்துக் குத்தப்பட்டிருந்தால் அந்தக் காசு அந்தக் கடிதத்துக்குப் பதில். கடிதம் ஒரு கோப்பு, மணியார்டர் ஒரு கோப்பு, போட்டோ ஒரு ஆல்பம் என்று வகை பிரித்துவிட்டால் இந்த உறவு போய்விடும், பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வகை வாரியாகத் தேடும் வசதி வேண்டுமென்றால் அதைப் பட்டியலில் செய்யுங்கள், காகிதத்தில் செய்யாதீர்கள்.

எண் போடுவதற்கு 2பி பென்சில். பின்பக்கம், வலது கீழ் மூலை. பால்பாயிண்ட் பேனா கூடாது. அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் பரவும். "வியா/1/4/12" என்றால் முதல் பெட்டி, நான்காவது கட்டு, பன்னிரண்டாவது தாள். இதற்கு மேல் சிக்கலான முறை தேவையில்லை. ஒரு நீளமான சேர்க்கைப் பதிவேட்டில் எண், என்ன பொருள், யார் யாருக்கு, நாள், எத்தனை பக்கம், நிலைமை, பார்வைக் கட்டுப்பாடு என்று ஏழு பத்தி இருந்தால் போதும். ஒரு கோப்புறைக்கு 20, 25 தாளுக்கு மேல் திணிக்க வேண்டாம். ஒரே நோட்டீஸ் பத்துப் பிரதி இருந்தால் மூன்றை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பின்பக்கம் பார்க்காமல் எதையும் கழிக்காதீர்கள். நோட்டீஸின் முதுகில்தான் வீட்டுக் கணக்கும் கூட்டத்துக்கு வந்தவர்கள் பெயரும் எழுதியிருக்கும்.

நோட்டீஸில் அடிவரியையும் பாருங்கள். அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்பது 1867-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம் வைத்த கட்டாயம். மண்ணடி, தங்கசாலைப் பக்கத்து அச்சகப் பெயர் இருந்தால் அது வெளிப்படையாக அடித்தது. அடிவரி காலியாக இருந்தால், அதுவும் சைக்ளோஸ்டைலாக (ஸ்டென்சில் வைத்து உருட்டி எடுத்த நகல்) இருந்தால், ஒளித்து அடித்திருக்க வாய்ப்பு அதிகம். பட்டியலில் "அச்சகப் பெயர் இல்லை" என்றே எழுதுங்கள். இல்லாததும் ஒரு தகவல்.

கடிதங்களுக்கு வருகிறேன். சிறைக் கடிதத்தில் எழுதியவரின் கைக்குச் சமமாக முக்கியம் அதைப் படித்த அதிகாரியின் கை. தணிக்கை முத்திரை, சுருக்கொப்பம், நாள், சிவப்பு அல்லது நீலப் பென்சில் கோடு, மை பூசி மறைத்த வரி, எல்லாம் கடிதத்தின் பகுதி. இன்லண்ட் லெட்டர் என்றால் முத்திரை மடிப்பின் மேல் பாதி இங்கே பாதி அங்கே விழுந்திருக்கும். விரித்து ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்தால் பாதி முத்திரைதான் வரும். தனி உறை இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கடிதத்தில் எழுதிய நாளுக்கும் உறையின் அஞ்சல் முத்திரைக்கும் உள்ள இடைவெளிதான் கடிதம் எத்தனை நாள் சிறை அலுவலகத்தில் கிடந்தது என்பதைச் சொல்லும். மறைத்த வரியைப் படிக்க ரசாயனம் எதுவும் போடக் கூடாது. பின்பக்கத்திலிருந்து, சாய்வாக ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்; பேனா அழுத்தம் பதிந்திருந்தால் சில எழுத்துகள் எழும்பும். அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் சில மைகள் மறைந்து கீழே உள்ளது தெரியும், எல்லா மையிலும் பலிக்காது.

ஈரம் பட்டால் ஊதாவாக மாறும் பென்சில் எழுத்து ஒன்று உண்டு. மைப்பென்சில். அந்தக் காலத்துப் பதிவேடு, ரசீது, கார்பன் வைத்த மனு நகல் எல்லாம் அதில்தான். வியர்வைக் கை பட்டாலே கரையும். சைக்ளோஸ்டைல் மை எண்ணெய் கலந்தது, தண்ணீருக்குத் தாங்கும், ஆனால் அந்தக் காகிதம் நொறுங்கும். ஆக எழுத்து நிற்கும், தாள் போகும். இன்னொன்றில் தாள் நிற்கும், எழுத்து போகும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

வடசென்னையில் காகிதத்துக்கு எதிரிகள் கொஞ்சம் கூடுதல். காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக் காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் தாளைத் தின்னும். மணலி, எண்ணூர் புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு காகிதத்தில் அமிலத்தைக் கூட்டும். வியாசர்பாடி, புளியந்தோப்பில் மழை வந்தால் தரைத்தளம் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்தவர்கள் நீங்கள். பெட்டி தரைத்தளத்தில் இருக்கக் கூடாது. அதற்காக ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணிலும் போடக் கூடாது. அந்தச் சூடு காகிதத்தைச் சீக்கிரம் கிழடாக்கும். முதல் மாடி, உள்சுவர் ஓரம், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி.

காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஒரு சின்ன ஈரப்பதமானியை வாங்கிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நீலச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது. 120 டிகிரி அடுப்பில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பொட்டலம் தாளைத் தொடக் கூடாது. பாச்சா உருண்டை போடுவது பழக்கம்தான், ஆனால் அந்த ஆவி போட்டோவுக்கும் ஆகாது, படிக்க உட்காருபவர் மூக்குக்கும் ஆகாது. வேப்பிலை கறை விடும். ராமபாணப் பூச்சி இருப்பது உறுதியானால் காகிதக் கட்டைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் மூடி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து எடுங்கள். வெளியே எடுத்ததும் ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் பனி வியர்த்துத் தாள் நனையும். வெள்ளத்தில் நனைந்த காகிதத்துக்கும் இதே ஃப்ரீசர்தான் முதலுதவி: 48 மணி நேரத்துக்குள் உறையவைத்துவிட்டால் பூஞ்சை நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். வெயிலில் காயப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

துருப்பிடித்த ஊசியைப் பிடித்து இழுத்தால் தாள் கிழியும். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மெல்லிய பாலியெஸ்டர் துண்டைச் செருகி, தட்டையான கத்தியால் அசைத்துத் துருவை விடுவித்துப் பிறகு உருவுங்கள். அந்த இடத்தில் ஸ்டேப்ளர் அடிக்காமல் அமிலமில்லாத ஒரு தாளை மடித்து உள்ளே வைத்து, பருத்தி நாடாவால் கட்டுங்கள். செல்லோடேப் எதற்கும் கூடாது. பழைய செல்லோடேப் ஒட்டியிருந்தால் அதைப் பிய்க்கவும் கூடாது; அது காகிதப் பாதுகாப்பு தெரிந்தவர் வேலை. பத்திரிகைத் துணுக்குகளைக் கடிதத்தோடு ஒட்டவைத்தால் அதன் பழுப்பு கடிதத்தில் இறங்கும், நடுவே ஒரு நல்ல தாள் கொடுங்கள்.

ஸ்கேன் செய்வதில் செய்யும் பெரிய தப்பு, போன் செயலியின் "மெருகேற்று" வசதி. அது பின்னணியை வெள்ளையாக்கும்போது பென்சில் குறிப்பும் மங்கிய முத்திரையும் சேர்ந்து அழிந்துவிடும். வண்ணத்தில், 400 டிபிஐ, டிஃப் கோப்பாக எடுங்கள், போட்டோவுக்கு 600. ஏ4 அளவில் ஒரு பக்கம் சுமார் 46 எம்பி வரும், 1,000 பக்கத்துக்கு 46 ஜிபி. வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள். கோப்புப் பெயர் எண்ணாக மட்டும் இருக்கட்டும், விவரம் பட்டியலில். மூன்று பிரதி: இரண்டு வெவ்வேறு வகைச் சாதனத்தில், ஒன்று கட்டாயம் வேறு ஊரில் அல்லது வேறு பேட்டையில். ஒரே படிப்பகத்தில் மூன்று ஹார்டு டிஸ்க் வைத்திருப்பது ஒரே வெள்ளத்தில் மூன்றையும் இழக்கும் ஏற்பாடு.

இனி அரசு ஆவணம். எங்கே தேடுவது என்பது எந்தச் சட்டத்தில் உள்ளே போனார் என்பதைப் பொறுத்தது. ஆளின் பெயரை வைத்துத் தேடுபவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

மகனின் மிசாவை எடுத்துக்கொள்வோம். நெருக்கடி நிலை 1975 ஜூனில் வந்தாலும் தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்ட பிறகுதான் பெருமளவு கைது நடந்தது. குடும்பத்தார் "எழுபத்தஞ்சுல புடிச்சாங்க" என்று சொன்னால் ஆணையின் தேதியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சாதாரணத் தடுப்புக்காவலில் ஆணையோடு காவலுக்கான காரணங்களும் கைதிக்குத் தரப்பட வேண்டும். அரசியல் சட்டம் 22(5) அப்படிச் சொல்கிறது. அந்தக் காரணப் பட்டியலில் எந்தத் தேதியில் எங்கே என்ன பேசினார் என்று போலீஸே எழுதியிருக்கும், ஆய்வுக்கு அதுதான் புதையல். ஆனால் நெருக்கடி நிலையில் மிசாவில் சேர்த்த 16ஏ பிரிவு காரணம் சொல்லும் கடமையையே எடுத்துவிட்டது. எனவே உங்கள் பெட்டியில் ஒரு பக்க ஆணை மட்டும் இருந்தால் மற்றது தொலைந்ததாக நினைத்துத் தேடி அலையாதீர்கள், பெரும்பாலும் கொடுத்திருக்கவே மாட்டார்கள். சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் தாக்கப்பட்டது பற்றி நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கையில் அந்த நாட்களில் சிறைக்குள் நடந்தது சாட்சியங்களோடு பேசப்படுகிறது. உங்கள் ஆள் 1976 பிப்ரவரியில் அங்கே இருந்தவர் என்றால் முதலில் புரட்ட வேண்டியது அதுதான்.

அந்தப் பழைய மத்தியச் சிறை இப்போது இல்லை. 2006-இல் புழலுக்கு மாறியது, 2009-இல் இடித்தார்கள், இன்று அந்த இடத்தில் மருத்துவக் கல்லூரிக் கட்டடம். சிறையின் கைதிகள் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் கேட்டுப் புழல் சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு போதும். "ஏன் கைது செய்தீர்கள்" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன பெயர், இன்ன மாதம், சேர்க்கைப் பதிவேட்டின் அந்தப் பக்க நகல்" என்று கேளுங்கள். 20 வருடத்துக்கு முந்தைய நிகழ்வு என்றால் மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை பொருந்தாது என்று சட்டத்தின் 8(3) பிரிவு சொல்கிறது, அதை மனுவிலேயே குறிப்பிடுங்கள். "பதிவேடு கழிக்கப்பட்டது" என்று பதில் வந்தால் அடுத்த மனுவில் கழித்ததற்கான ஆணையையும் கழித்தவற்றின் பட்டியலையும் கேளுங்கள். சில சமயம் அந்தக் கேள்விக்குப் பிறகு பதிவேடு கிடைத்துவிடும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அப்பாவின் 1938 வேறு கதை. இந்தி எதிர்ப்பு மறியல்காரர்கள் மீது பெரும்பாலும் 1932 குற்றவியல் திருத்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவைப் போட்டார்கள். தடுப்புக்காவல் இல்லை, தண்டனை. ஆகவே கோர்ட் தீர்ப்பு, தண்டனை வாரண்ட், சிறையில் ஒவ்வொருவருக்கும் போடும் ஹிஸ்டரி டிக்கெட் என்று காகிதம் வேறு பாதையில் போகும். எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்தான் இதற்கு இடம். (அதே சாலையில் சி.எம்.டி.ஏ. இயங்கும் தாளமுத்து நடராசன் மாளிகை இருக்கிறது. அதே போராட்டத்தில் கைதிகளாக இருந்து 1939 ஜனவரியிலும் மார்ச்சிலும் இறந்த இருவரின் பெயர் அது. நினைவிடம் உங்கள் மூலகொத்தளம் இடுகாட்டில்.) அடையாள அட்டை, அறிமுகக் கடிதத்தோடு அனுமதி பெற்று, ஆண்டு வாரியான அட்டவணைத் தொகுதிகளைக் கேளுங்கள். பொதுத்துறை, உள்துறை, சட்டத்துறை மூன்றையும் புரட்ட வேண்டும். ஆள் பெயரில் தேடுவதற்கு முன் ஜெயில்ஸ், பிரிசனர்ஸ், பெட்டிஷன்ஸ், ஆஜிடேஷன் போன்ற பொருள் தலைப்பில் தேடுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் அன்று ஓர் ஒழுங்கில் இல்லை. ஒரே ஆள் ஒரு கோப்பில் சாதிப் பெயரோடும், இன்னொன்றில் அப்பா பெயரின் முதலெழுத்தோடும் இருப்பார். கிடைத்த அரசாணையைக் குறிக்கும்போது எண், நாள், துறை, எம்.எஸ். வகையா ஆர்.டி. (வழக்கமான ஆணை) வகையா என்று நான்கையும் எழுதுங்கள். ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும், எண் மட்டும் குறித்து வந்தால் மறுபடி போக வேண்டியதுதான்.

அன்றைய சென்னை மாகாணக் கைதிகளை எங்கெங்கோ அனுப்பினார்கள். பெரியாரே பெல்லாரியிலும் கோவையிலும் இருந்தார். பெல்லாரி இன்று கர்நாடகம், கண்ணூர் கேரளம், ராஜமுந்திரி ஆந்திரம். அந்தச் சிறைப் பதிவேடுகளைச் சென்னையில் தேடிப் பயனில்லை; ஆனால் அரசு மட்டத்துக் கடிதப் போக்குவரத்து எழும்பூரில்தான் இருக்கும். மாகாண அரசு டில்லிக்கு அனுப்பிய பதினைந்து நாள் அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஹோம் பொலிட்டிகல் கோப்புகளில் உள்ளன, பெரும்பகுதி அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அன்றைய விடுதலை, குடி அரசு இதழ்களில் கைது, தண்டனைச் செய்திகள் பெயரோடு வரும். சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் கைதிகள் பற்றிய கேள்வி பதில் இருக்கும். பெட்டியில் உள்ள சான்றிதழ் சிறை அலுவலகம் தந்ததா, கூட இருந்த கைதி தந்ததா என்று பாருங்கள். முதலாவதில் கைதி எண் இருக்கும், அதை வைத்து மேலே போகலாம். இரண்டாவது ஓய்வூதியத்துக்காக நினைவிலிருந்து எழுதப்பட்டது. ஆள் உள்ளே இருந்தார் என்பதை நம்பலாம், தேதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்னி மில் வரலாற்றிலிருந்து இன்னொரு துப்பு. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் தொடங்கியது; சில வருடத்திலேயே மில் நிர்வாகம் சங்கத் தலைவர் வாடியா மீது உயர்நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட்டது. ஆதரவாளர்கள் இப்படியும் மாட்டலாம், கிரிமினல் கோப்பில் இல்லாமல் சிவில் வழக்கில். எனவே கைது ஆகாத ஒருவரைத் தேடினால் சிவில் பக்கமும் பாருங்கள்.

கடைசியாக, வெளியிடுவது. கடிதக் காகிதம் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் வாரிசுகளுக்கு. அவர் வாழ்நாளில் வெளிவராத கடிதம் என்றால் அது முதலில் வெளியாகி 60 ஆண்டு வரை. உங்களிடம் பெட்டியைக் கொடுத்தவரும் கையெழுத்திட வேண்டும், அவர் மட்டுமே வாரிசு இல்லையென்றால் மற்றவர்களும். ஒரு பக்கக் கொடைப் பத்திரம் போதும்: எதைக் கொடுக்கிறோம், மூலம் யாரிடம் இருக்கும், ஸ்கேன் யார் பார்க்கலாம், படிப்பகம் மூடினால் பெட்டி எங்கே போகும். கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓர் இடத்தோடு முன்கூட்டியே பேசி, அவர்கள் சம்மதித்தால் அந்தப் பெயரைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

ரசீதில் உள்ள பெயர்களை இணையத்தில் அப்படியே ஏற்ற வேண்டாம். 1976-இல் ஒளிந்து காசு கொடுத்தவர்களில் சிலர் இன்றும் அதே தெருவில் இருக்கலாம். அரசு ஊழியராக இருந்துகொண்டு கொடுத்தவர், வீட்டுக்குத் தெரியாமல் கொடுத்தவர், பிறகு எதிர்க்கட்சிக்குப் போனவர் எல்லாம் அதில் இருப்பார்கள். பெயர்ப் பத்தியைத் தனிக் கோப்பில் பூட்டி வைத்து, தொகை, நாள், பகுதி மட்டும் தெரியும் பட்டியலை வெளியிடுங்கள். பெயரைத் திறந்து காட்ட அவரோ வாரிசோ எழுத்தில் சம்மதம் தரட்டும். நோய், மருந்து, கணவன் மனைவி சங்கதி உள்ள கடிதங்களுக்கும் இதே விதி. கண்காட்சிக்கு மூலத்தை வைக்காதீர்கள். நல்ல வண்ண நகல் போதும், ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒரு மாதம் தொங்கினால் ஊதா மை வெளுக்கத் தொடங்கிவிடும்.